நியான் டெட்ராவைப் படமெடுப்பது: சிறு தொட்டி மீன்களை ஒளிப்படமாக்கத் தொடங்குவோருக்கு

3 சென்டிமீட்டர் நீளமுள்ள நியான் டெட்ராவை வீட்டுத் தொட்டியில் படமெடுக்க முயன்ற எவருக்கும் முதல் நாளில் கிடைப்பது ஏறத்தாழ ஒரே படம்தான்: நடுவில் நீலமாக ஓர் இழுப்பு, அதைச் சுற்றிப் பச்சை மங்கல், கண்ணாடியில் படமெடுப்பவரின் உருவம். என்னுடைய முதல் படத்தில் மீனைவிட நான் அணிந்திருந்த கட்டம் போட்ட சட்டைதான் துல்லியமாக விழுந்திருந்தது, பொத்தான்களை எண்ணிவிடலாம். கேமராவின் மேல் பழியைப் போட்டுவிட்டு, அடுத்த சம்பளத்தில் புதிய லென்ஸ் ஒன்றை வாங்கி, அதிலும் அதே சட்டையைத்தான் எடுத்தேன். இந்த வேலையில் பெரும்பகுதி ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே தொட்டியிலும் அறையிலும் முடிந்துவிடுகிறது என்பது அதன் பிறகுதான் விளங்கியது. ஆகவே இந்தக் கட்டுரையிலும் கேமராவைவிடக் கண்ணாடி, தண்ணீர், வெளிச்சம் ஆகியவற்றைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட, 50 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் பிடிக்கும் தொட்டியையும், சென்னைக் கொளத்தூர்க் கடைகளில் மட்டுமன்றிச் சிற்றூர்களின் மீன் கடைகளிலும் கிடைக்கும் நியான் டெட்ரா, கப்பி போன்ற மீன்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். தொட்டி பெரிதானால் அளவுகள் மாறும், முறை மாறாது.

கருவிகள்

அப்பர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவு), ஷட்டர் வேகம் (ஒளி பதியும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) ஆகிய மூன்றையும் நாமே அமைத்துக்கொள்ள இடம் தரும் எந்த டிஜிட்டல் கேமராவும் இதற்குப் போதும். லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவாக இருந்தால் சிறு பொருள்களை மிக நெருங்கி எடுக்க உதவும் 60 அல்லது 100 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸ் மிகப் பொருத்தமானது. 100 மில்லிமீட்டர் லென்ஸ் கண்ணாடியிலிருந்து சற்றுத் தள்ளி நின்று எடுக்க உதவுவதால் மீன் அஞ்சி ஒதுங்குவது குறையும். கேமராவோடு வந்த 18-55 லென்ஸை வைத்துக்கொண்டும் தாராளமாகத் தொடங்கலாம். அதை 55-இல் நிறுத்தி, ஃபோகஸ் கிடைக்கும் வரை அருகில் சென்று, பிறகு கணினியில் வெட்டிக்கொண்டால் 5 சென்டிமீட்டர் மீன் ஒன்றின் நல்ல படம் கிடைக்கும்.

லென்ஸைவிட முக்கியமானது, கேமராவிலிருந்து பிரித்து வைத்து எரியச் செய்யக்கூடிய தனி ஃபிளாஷ் ஒன்றும் ஷட்டரை அழுத்தும்போது கம்பியில்லாமலே அதை எரிய வைக்கும் வயர்லெஸ் டிரிக்கரும் ஆகும். மேக்ரோ லென்ஸ், தனி ஃபிளாஷ் இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் ஃபிளாஷை வாங்குங்கள் என்றே சொல்வேன். கேமராவின் தலையிலேயே பொருந்தியிருக்கும் சிறிய ஃபிளாஷ் இங்கே பயன்படாது. அதன் வெளிச்சம் முன்கண்ணாடியில் மோதி நேராக லென்ஸுக்கே திரும்பி வந்து, படத்தின் நடுவில் வெள்ளைப் பொட்டு ஒன்றை வைத்துவிடும்.

முந்தைய நாள் செய்ய வேண்டியவை

படமெடுக்கும் நாளில் தண்ணீர் மாற்றக் கூடாது. அதற்கு முந்தைய நாளே மாற்றிவிட வேண்டும். குழாயிலிருந்து புதிதாக வந்த தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, தொட்டிக்குள் வந்து சூடேறும்போது மிகச் சிறிய குமிழ்களாகப் பிரிந்து கண்ணாடியிலும் செடிகளிலும் ஒட்டிக்கொள்ளும். வெறுங்கண்ணுக்கு இவை அழகாகத் தெரியலாம். மீனுக்கும் லென்ஸுக்கும் நடுவில் நிற்கும் ஒவ்வொரு குமிழும் படத்தில் வெளுத்த வட்டமாக விழும் என்பதால், ஓர் இரவு பொறுத்திருந்து அவை கரைந்த பிறகு எடுப்பதே நல்லது. மண்ணைக் கிளறும் வேலை இருந்தாலும் அன்றே முடித்துக்கொண்டால், கிளம்பிய தூசியை ஃபில்டர் இரவு முழுவதும் இழுத்துவிடும்.

அடுத்தது கண்ணாடி. உட்புறத்தில் படிந்திருக்கும் பாசியைக் காந்தத் தேய்ப்பானாலோ பழைய ஏடிஎம் அட்டையின் விளிம்பாலோ சுரண்டி எடுக்கலாம். காந்தத் தேய்ப்பானில் ஒரு மணல் துகள் சிக்கிக்கொண்டாலும் கண்ணாடியில் நிலையான கீறல் விழுந்துவிடும் என்பதால், தரையிலிருந்து 2 விரல் உயரம் விட்டே தேய்க்க வேண்டும். போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளையாக ஓர் உப்புக்கறை படிந்திருக்கும். சாதாரணத் துணிக்கு அது அசையாது. சமையலுக்கு வைத்திருக்கும் வினிகரில் துணியை நனைத்து, கண்ணாடியின் வெளிப்புறத்தில் மட்டும் சில நிமிடம் ஒற்றி வைத்துத் துடைத்தால் போய்விடும். கண்ணாடி துடைக்கும் ஸ்பிரே திரவங்களைத் தொட்டியின் அருகில் அடிக்க வேண்டாம். காற்றில் பறந்து தண்ணீரில் விழும் சாரல் மீனுக்குக் கேடு. வேண்டுமானால் வேறு அறையில் துணியில் அடித்துக்கொண்டு வந்து துடைக்கலாம்.

பின்னணிக்கு, தொட்டியின் பின்கண்ணாடிக்கு வெளியே கறுப்பு சார்ட் பேப்பரை ஒட்டிவிடுவது எளிய வழி. கடைகளில் மீட்டர் கணக்கில் விற்கும் பவளப்பாறை, ரோஜாப் பூ அச்சிட்ட பிளாஸ்டிக் படுதாக்களைத் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். தரையின் நிறத்துக்கும் ஒரு பங்கு உண்டு. பல மீன்கள் சுற்றுப்புறத்துக்கு ஏற்பத் தம் நிறத்தை வெளுக்கவும் அழுத்தமாக்கவும் வல்லவை என்பதால், வெள்ளை மணலின் மேல் வளரும் மீன் வெளிறியும், கரிய மணலின் மேல் வளரும் அதே மீன் செறிந்த நிறத்தோடும் காணப்படும். இதற்காக உடனே மண்ணை மாற்றச் சொல்லவில்லை. நம் மீன் மட்டும் ஏன் சோகை பிடித்தாற்போல் இருக்கிறது என்று வியப்பவர்கள் முதலில் தரையைப் பார்க்கட்டும்.

அறை

தொட்டிக்கு வெளியே வெளிச்சம் படும் எதுவும் முன்கண்ணாடியில் பிம்பமாகத் தெரியும். எனவே சன்னல்களை மூடி, அறை விளக்குகளையும் தொலைக்காட்சியையும் அணைத்து, தொட்டியின் மேல் விளக்கை மட்டும் எரியவிட வேண்டும். அதற்குப் பிறகும் தொட்டி வெளிச்சம் நம் மேல் பட்டுத் திரும்பும். கறுப்புச் சட்டை அணிந்தால் பாதி சரியாகும். 1 மீட்டர் கறுப்புப் பருத்தித் துணியின் நடுவில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை வெட்டி, லென்ஸில் மாட்டித் திரைபோல் தொங்கவிட்டால் மீதியும் சரியாகிவிடும். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். படத்தில் சட்டைப் பொத்தான் இருக்காது.

அறையை இருட்டாக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீனுக்கு இமைகள் இல்லை. பெரும்பாலான எலும்பு மீன்களின் கண்மணி நம்முடையதைப்போல் சுருங்குவதும் இல்லை. கும்மிருட்டில் கிடந்த தொட்டியில் சட்டென்று விளக்கைப் போட்டால் அவை திகைத்துக் கண்ணாடியில் முட்டிக்கொள்ளும். தொட்டி விளக்கை 1 மணி நேரம் முன்பே போட்டு வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நியான் டெட்ராவின் நீலக் கோடு சாயத்தால் ஆனதன்று. தோலின் சில செல்களில் அடுக்கடுக்காக அமைந்த நுண்ணிய குவானின் படிகங்களில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றும் நிறம் அது. இரவில் அந்த அடுக்குகளின் இடைவெளி மாறி, கோடு ஊதாவாக மங்கிவிடும். விளக்குப் போட்டுச் சிறிது நேரம் கழித்துத்தான் அது பழைய நீலப்பச்சைக்குத் திரும்பும். அதிகாலையில் எடுத்த படத்தில் நிறமில்லை என்று மென்பொருளில் நீலத்தைக் கூட்டிக்கொண்டிருப்பது வீண் வேலை.

ஒளி மேலிருந்து வர வேண்டும்

இயற்கையில் மீனின் மேல் ஒளி மேலிருந்துதான் விழுகிறது. தொட்டியிலும் அப்படியே விழச் செய்தால், கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சிக்கலே எழாது. படமும் மீன் தண்ணீருக்குள் இருப்பதைப்போல் இயல்பாகத் தோன்றும். தொட்டியின் மேல் கண்ணாடி மூடியைப் போட்டு, அதன் மேல் ஃபிளாஷைக் கீழ்நோக்கி வைக்க வேண்டும். மூடி இல்லாத தொட்டியின் மேல் குச்சியையோ அட்டையையோ குறுக்கே வைத்து அதில் ஃபிளாஷை நிறுத்தும் துணிச்சல் வேண்டாம். ஃபிளாஷின் உள்ளே இருக்கும் மின்தேக்கி 300 வோல்ட் அளவுக்கு மின்சாரத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது தண்ணீரில் விழுந்தால் இழப்பு ஃபிளாஷோடு முடியும் என்று சொல்ல முடியாது.

ஃபிளாஷை வைக்கும் இடம் மிக முக்கியம். தொட்டியின் நடுவிலோ பின்பக்கத்திலோ வைத்தால் மீனின் முதுகு மட்டும் பளிச்சென்று தெரிந்து, நமக்குக் காட்டும் விலாப்புறம் இருண்டுவிடும். முன்கண்ணாடியை ஒட்டினாற்போல் வைத்து, தலையைச் சற்றுப் பின்னோக்கிச் சாய்த்தால் ஒளி மீனின் விலாவை வருடிக்கொண்டு இறங்கும். ஃபிளாஷின் முகத்தில் ஒரு டிரேசிங் தாளை இரண்டாக மடித்து ஒட்டினால் நிழல்கள் மென்மையாகும். அப்படியும் வயிற்றின் அடிப்பகுதி கறுத்தே இருந்தால், தொட்டிக்கு அடியில் போட்டது போக மிஞ்சிய வெள்ளைத் தெர்மாகோல் துண்டு ஒன்றை முன்கண்ணாடியின் கீழ் விளிம்போடு சேர்த்து, படச்சட்டத்துக்குள் வராதபடி சாய்த்து வைத்தால், மேலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கை அது மீனின் அடிவயிற்றுக்குத் திருப்பித் தரும். நான் பார்த்தவரை இந்தத் தெர்மாகோல் துண்டு செய்யும் வேலையை விலை உயர்ந்த எந்தக் கருவியும் இதைவிடச் சிறப்பாகச் செய்துவிடவில்லை.

இரண்டாவது ஃபிளாஷ் கிடைத்தால் அதைப் பக்கவாட்டுக் கண்ணாடியின் வழியாகக் குறைந்த திறனில் செலுத்தலாம். முன்கண்ணாடியின் வழியாகச் செலுத்துவதானால் லென்ஸின் பார்வைக்கோட்டிலிருந்து குறைந்தது 45 பாகை விலகியிருக்க வேண்டும். முன்னிருந்து அடிக்கும் ஒளி தண்ணீரில் மிதக்கும் தூசியையும் சேர்த்தே வெளிச்சம் போட்டுக் காட்டும் என்பதால், எனக்கு அது பிடிப்பதில்லை.

கேமராவில் அமைக்க வேண்டிய எண்கள்

கேமராவை மேனுவலில் வைத்து, ஷட்டர் வேகம் 1/200 நொடி, அப்பர்ச்சர் எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷின் திறன் 1/8 என்று தொடங்கலாம். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். படம் ஏறத்தாழ முழுக் கறுப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால், நம் படத்தில் பதியும் ஒளி முழுவதும் ஃபிளாஷினுடையது என்று பொருள். குறைந்த திறனில் ஃபிளாஷ் எரியும் நேரம் நொடியில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். எவ்வளவு வேகமாக நீந்தும் மீனும் அந்த இடைவெளியில் அசைந்துவிட முடியாது. அதாவது மீனை உறைய வைப்பது இங்கே ஷட்டரன்று, ஃபிளாஷ். படம் இருண்டிருந்தால் ஃபிளாஷின் திறனை 1/4 ஆக்குங்கள். வெளுத்திருந்தால் 1/16 ஆக்குங்கள். மற்ற எண்களைத் தொட வேண்டாம்.

எஃப் 11 ஏன் என்று கேட்கலாம். எஃப் எண் கூடக்கூட அப்பர்ச்சர் துளை சிறுக்கும், தெளிவாக விழும் ஆழம் கூடும். ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில், மீனின் உண்மை அளவில் பாதியாகப் பிம்பம் விழும் அளவுக்கு நெருங்கி எஃப் 8-இல் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். தண்ணீருக்குள் அது சற்றே கூடும். மீன் சிறிது திரும்பி நின்றாலும் கண் தெளிந்து வால் மங்கும், அல்லது வால் தெளிந்து கண் மங்கும். எஃப் 16-க்கு மேல் போனால் ஆழம் கூடினாலும் சிறுத்த துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதும் மென்மையாகிவிடும். எனவே எஃப் 11-க்கும் 16-க்கும் இடையில் நிற்பதே நல்லது. படங்களை, சென்சார் பதிந்த தகவலைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பாகச் சேமிப்பதும் நல்லது. செடிகளுக்கென்று சிவப்பும் நீலமும் கலந்து வரும் எல்இடி விளக்குகளின் நிறக்கோளாறைப் பின்னர் சரிசெய்ய அது உதவும்.

நியானும் கப்பியும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் வெள்ளிச் செதில்கள் கொண்டவை. வயிறு வெளுத்துவிட்டால் அந்த இடத்தின் நுணுக்கம் திரும்பக் கிடைக்காது. எனவே கேமராவின் திரையில், அளவுக்கு மீறி வெளுத்த இடங்கள் மின்னிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொண்டு, வயிறு மின்னாத அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுக்க வேண்டும். இருண்டதைப் பிறகு தூக்கலாம்.

இடத்தைக் குறிவைத்தல்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, மீனின் பின்னாலேயே கேமராவைக் கொண்டு அலைவது. தானியங்கி ஃபோகஸ் மீனைப் பிடித்து முடிப்பதற்குள் மீன் போய்விடும். நாமும் அதன் பின்னால் போவதில் கேமரா கண்ணாடிக்குச் சாய்ந்துவிடும். லென்ஸ் எப்போதும் முன்கண்ணாடிக்குச் செங்குத்தாகவே இருக்க வேண்டும். சாய்வாகப் பார்க்கும்போது கண்ணாடியிலும் தண்ணீரிலும் ஒளி விலகி, நிறங்கள் பிரிந்து, மீனின் விளிம்பில் ஊதாவும் மஞ்சளுமாக நூல் ஓடும், தெளிவும் போய்விடும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33 என்பதால் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீன் 15 சென்டிமீட்டரில் நிற்பதைப்போல் தெரியும் என்பதையும், தண்ணீர் கூடக்கூடத் தெளிவு குறையும் என்பதையும் நினைவில் வைத்து, முன்கண்ணாடியிலிருந்து 5 அல்லது 6 சென்டிமீட்டருக்குள் வரும் மீனை மட்டும் எடுங்கள்.

ஆகவே முதலில் அரைமணி நேரம் கேமரா இல்லாமல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு வழக்கமான பாதை உண்டு. நியான் டெட்ரா கூட்டமாகச் சென்று, ஏதேனும் ஒரு செடியின் முன்னால் நின்று, சட்டென்று ஓரடி நகர்ந்து, மறுபடி நிற்கும். அந்த நிற்கும் கணம்தான் நமக்கு வேண்டியது. ஒரு முக்காலியில் உட்கார்ந்து, லென்ஸை மீன் நிற்கும் உயரத்துக்கே கொண்டுவந்து, அந்தச் செடியின் முன்பக்கத்தில் தெரியும் ஓர் இலை நுனியில் ஃபோகஸைக் கையால் நிறுத்திவிட வேண்டும். பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடவே கூடாது. மீன் அந்த ஆழத்துக்கு வரும்போது கேமராவை ஒரு விரற்கடை முன்னும் பின்னுமாக நகர்த்தி, அதன் கண் தெளியும் கணத்தில் ஷட்டரை அழுத்த வேண்டும். மீனின் கண் தெளிவாக இருந்தால் துடுப்பு சற்று மங்கினாலும் படம் நிற்கும். கண் மங்கினால் வேறெது தெளிந்தும் பயனில்லை.

எந்தக் கணத்தில் அழுத்துவது என்பதும் பழகப் பழகத்தான் வரும். ஆண் கப்பி பெண்ணின் முன்னால் உடலை எஸ் எழுத்தைப்போல் வளைத்து, வாலை முழுவதும் விரித்து, ஓரிரு நொடி அதிர்ந்து நிற்கும். அதற்குச் சற்று முன்பு அது பெண்ணைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். அந்த வருகையைக் கண்டதும் விரல் தயாராக இருக்க வேண்டும். வால் விரிந்த பிறகு விரலை வைத்தால், மடங்கிய வால்தான் படத்தில் இருக்கும். கண்ணாடியைத் தட்டி மீனைத் திருப்ப முயல வேண்டாம். பக்கக் கோட்டு உறுப்பால் தண்ணீரின் அதிர்வை உணரும் மீனுக்கு அது பெரும் அதிர்ச்சி. துடுப்புகளை உடலோடு ஒடுக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடும்.

எடுக்கும் வேளை, உணவு கொடுப்பதற்கு முன்பாக இருக்கட்டும். வயிறு புடைத்த மீனும், தண்ணீரில் மிதக்கும் உணவுத் துகளும் படத்துக்கு ஆகா. பசித்த மீன் நம்மைக் கண்டதும் தானாகவே முன்கண்ணாடிக்கு வரும் என்பது கூடுதல் வசதி.

நியானிலும் ஜீப்ரா மீனிலும் தொடங்கி மனம் வெறுத்துப் போகாமல், தரையில் நின்று இளைப்பாறும் கோரி கெளுத்தியிலோ, நிதானமாக நீந்தும் ஃபைட்டர் மீனிலோ முதல் வாரத்தைக் கழிக்கலாம். ஃபைட்டருக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினால் செவுள் மூடியையும் துடுப்புகளையும் விரித்து நிற்கும். ஆனால் 2 அல்லது 3 நிமிடத்துக்கு மேல் காட்டுவது அதைச் சித்திரவதை செய்வதற்குச் சமம்.

ஃபிளாஷ் இல்லாதபோது

தொட்டி விளக்கின் வெளிச்சத்திலேயே எடுப்பதானால் அப்பர்ச்சரை எஃப் 4-க்கும் 5.6-க்கும் இடையில் திறந்து, ஷட்டரை 1/125 நொடிக்குக் கொண்டுவந்து, ஐஎஸ்ஓவை 1600-க்கோ 3200-க்கோ உயர்த்த வேண்டியிருக்கும். படம் துகள்துகளாகத் தெரியும், மீன் நிற்கும்போது மட்டுமே எடுக்க முடியும். சில படங்களில் குறுக்குப் பட்டைகள் விழுந்தால் கேமரா கெட்டுவிட்டதென்று கலங்க வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகின்றன. ஷட்டரை 1/100 நொடிக்கு மாற்றினால் பெரும்பாலும் பட்டை மறையும். எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரைப் பயன்படுத்துவதும், விளக்கின் டிம்மரை முழு வெளிச்சத்தில் வைப்பதும் உதவும்.

தனிப் படத்தொட்டி

8 சென்டிமீட்டர் அகலமே உள்ள ஒடுங்கிய சிறு தொட்டியில் மீனை விட்டு, பின்னாலிருந்து ஒரு கண்ணாடித் துண்டால் அதை முன்பக்கமாக ஒதுக்கி எடுப்பது மீன் ஆய்வாளர்கள் கையாளும் முறை. துடுப்புக் கதிர்களை எண்ண வேண்டிய படங்களுக்கு அது தேவை. புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பிடித்து இடம் மாற்றியதுமே நியான் வெளிறிப்போய், நாம் படமெடுக்க விரும்பிய நிறம் அதனிடம் இருக்காது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் அதே தொட்டியின் தண்ணீரை நிரப்பி, வலையால் அல்லாமல் குவளையால் மீனை மாற்றி, கால் மணி நேரத்துக்குள் திருப்பி விட்டுவிட வேண்டும்.

கணினியில் செய்யும் திருத்தம் வெண்மைச் சமன், ஒளி அளவு, தூசிப் புள்ளிகளை நீக்குதல், சிறிதளவு கூர்மை ஆகியவற்றோடு நிற்கட்டும். குறிப்பாக மீன் விற்பவர்கள் நிறத்தைக் கூட்டக் கூடாது. படத்தைப் பார்த்து வாங்கியவர் வீட்டில் தொட்டிக்குள் விட்ட மீனோடு அந்தப் படத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்.

இன்னொரு சிறு குறிப்பு உண்டு. ஃபில்டரும் ஏர் பம்பும் ஓடிக்கொண்டிருந்தால் நீரோட்டத்தில் செடிகளும் தூசியும் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், எடுக்கும் நேரத்தில் அவற்றை அணைத்து வைப்பது வழக்கம். ஒருமுறை நல்ல படங்கள் கிடைத்த மகிழ்ச்சியில் அவற்றை மறுபடி போட மறந்துவிட்டு உறங்கப் போனேன். விடிந்து பார்த்தபோது மீன்களெல்லாம் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து ஃபில்டரின் சுவிட்சை அணைத்ததும் லென்ஸின் மூடியை அந்த சுவிட்சுப் பெட்டியின் மேலேயே வைத்துவிடுகிறேன். மூடியைத் தேடாமல் கேமராவைப் பைக்குள் வைக்க முடியாது. மூடியை எடுக்கும்போது கை தானாக சுவிட்சுக்குப் போய்விடும்.